அக்காவுக்கு ஒரு கம்பி

பேருந்துக் கதவு மூடும்போது ஒரு பெருமூச்சு விடும், கேட்டிருப்பீர்கள். முதலில் ‘டப்’ என்று ஒரு தட்டல். உடனே ‘புஸ்ஸ்’.

போன வாரம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டிக்காக நின்றிருந்தேன். புது வண்டி ஒன்று என் முகத்துக்கு நேரே கதவை மூடியது. நான் ஏறவில்லை. தோளில் தொங்கிய பையைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வந்தால் அடுத்த ‘டப்’ கேட்க வேண்டும். கேட்கவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அக்கா போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் காதுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் நான் ஊர் ஊராக ஓடிய கதையைச் சொல்லி வந்தேன். அச்சகம், விடுதி, பாதியில் விட்ட வேலைகள், எழுதிக் கிழித்த கவிதைகள். இது ஓடாமல் உட்கார்ந்திருந்த கதை. காவாந்தண்டலத்தில், காலனியின் கடைசித் தெருவில், கடைசி மின்கம்பத்துக்குப் பக்கத்து வீட்டில், பதினோரு மாதம்.

காற்றைப் புடைக்கிற பெட்டி

அக்கா பெயர் சகுந்தலா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். முப்பது வருட வேலையில் கடைசி நாலைந்து வருடம்தான் கேஸ் அடுப்பு. அதற்கு முன்பெல்லாம் வேலிக்காத்தான் விறகு. ஈர விறகு. ஜன்னல் இல்லாத அறை.

செங்கல்பட்டில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “பீடி சிகரெட் ஏதாவது குடிப்பீங்களாம்மா?” என்று கேட்டார்.

“நான் குடிக்கல சார். அடுப்பு குடிச்சிது. நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன்” என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் வேண்டும், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது, என்று எழுதிக் கொடுத்தார்.

அப்படி வந்ததுதான் அந்தப் பெட்டி. முழங்கால் உயரம், அடியில் சக்கரம், பார்க்க வெளியூருக்குக் கிளம்பிய சூட்கேஸ் மாதிரி. கொண்டு வந்து வைத்த ஆள் பொறுமையாக விளக்கினார். உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. அது அறையின் காற்றை உறிஞ்சி, இரண்டு குழாய்களுக்குள் அழுத்தி ஏற்றும். குழாய்களில் வெள்ளை வெள்ளையாக மணிகள். காற்றில் நமக்குத் தேவையில்லாத பங்கை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் மட்டும் மேலே நழுவி மூக்குக்கு வரும். ஒரு குழாய் நிரம்பியதும் அடுத்த குழாய்க்கு மாறும். பிடித்து வைத்ததை வெளியே துப்பும். அந்தத் துப்பல்தான் ‘புஸ்ஸ்’.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “மொறத்துல அரிசி புடைக்கிற மாதிரி காத்த புடைக்குதா?” என்றாள்.

அந்த ஆள் ஒரு நிமிடம் யோசித்தார். “ஆமாம்மா. அதேதான்” என்றார். அடுத்த வீடுகளில் அவர் அப்படித்தான் விளக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. பெட்டிக்கு ஒழுங்கான வோல்டேஜ் வேண்டும். குறைந்தால் உள்ளே மோட்டாருக்குத் தெம்பு போதாது. காற்றை அழுத்த முடியாது. பெட்டி ‘கீ’ என்று கத்த ஆரம்பிக்கும். அக்காவின் நகங்கள் மெல்ல நாவல்பழ நிறத்துக்குப் போகும்.

ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். அது ‘டக் டக்’ என்று மாற்றி மாற்றித் தட்டி முட்டுக்கொடுத்துப் பார்க்கும். ஓரளவுக்குக் கீழே போனால் அதுவும் கைவிட்டுவிடும். இன்வெர்ட்டர் இருந்தது, அரை மணி நேரம் தாங்கும். வோல்டேஜ் குறைவாக வந்தால் அதன் பேட்டரியில் சார்ஜே ஏறாது. மூலையில் சின்ன சிலிண்டர் ஒன்று. முழுசாக இருந்தால் இரண்டு மணி நேர மூச்சு.

இரவும் பகலும் இதுதான் என் கணக்கு. ஏழு எண்ணுவேன், ‘டப்’ வரும். மறுபடி ஏழு. குளிக்கும்போதும் எண்ணினேன். சாம்பாரில் உப்பு போடும்போதும் எண்ணினேன். கவிதை எழுத உட்கார்ந்தால் எட்டாவது சொல் வருவதில்லை.

எல்லாமே தண்ணீர் கொதிக்கிறதுதான்

படுத்தே கிடப்பவர்களுக்குக் கேள்விகள் வரும். அக்காவுக்கு வந்தது.

“இந்த கரண்ட்டு எங்கருந்து வருது?”

அவள் மூச்சுக்குள் ஓடுவது என்னவென்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வடக்கே கடலோரத்தில் நிலக்கரியை எரிக்கிறார்கள். கல்பாக்கம் பக்கம் அணுவைப் பிளக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி போய்ப் பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தோடு காந்தம் சுற்றுகிறது, பக்கத்திலிருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் கிளம்புகிறது. தெற்கே காற்றாடி அதே வேலையைக் காற்றை வைத்துச் செய்கிறது.

“அணுவப் பொளந்து?”

“ஆமா.”

“பொளந்து கடசீல தண்ணிதான் கொதிக்க வெக்கிறாங்களா?”

“ஆமாக்கா.”

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. “அந்த வேலைய நான் முப்பது வருசம் பண்ணேன். வேலிக்காத்தான வெச்சி. ஒருத்தனும் வந்து கம்பி இழுக்கல” என்றாள்.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். இவளைப் போல ஒரு பேச்சில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுகிறவளைப் பார்த்ததில்லை.

அவள் தூங்கிய பிறகு நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒன்றைச் சுற்றவிட்டால் கம்பியில் ஏதோ நகர்கிறது. நகர்ந்து, வயல்களுக்கு மேலே தொங்கி, தென்னைகளுக்கு நடுவே நெளிந்து, இந்தக் கடைசிக் கம்பம் வரைக்கும் வந்து, மறுபடி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுவில் யாரெல்லாமோ ஒரு கை அள்ளிக்கொள்கிறார்கள். ஒருவருக்கு வெளிச்சம், ஒருவருக்குக் குளிர்ந்த தண்ணீர், ஒருவருக்கு அரைத்த மாவு. அள்ளியது போக மிச்சம் என் அக்காவின் மூச்சு.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ஒற்றை பல்பு வந்த நாள் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. எல்லாரும் வெளிச்சம் வந்தது என்று சந்தோஷப்பட்டதாகத்தான் எழுதுவார்கள். எங்கள் அம்மா, அதற்குமுன் இருட்டியதும் படுத்துவிடுகிறவள், அன்றிலிருந்து பத்து மணி வரைக்கும் கூலிக்குக் கடலைக்காய் உரிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் மின்சாரம் முதலில் வேலையாகத்தான் மாறியது.

இல்லாத மூன்றாவது ஆள்

வெயில் ஏறியது. சொர்ணவாரிப் பட்டத்து நெல், கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டியிருந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏகாம்பரத்தின் நிலம். எங்கள் அம்மா நடவு நட்ட நிலம்தான். அப்போது அவருடைய அப்பா வரப்பில் நிற்பார், இப்போது இவர். எங்கள் வீட்டுக்கும், அவருடையது உட்பட மூன்று மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.

கிணற்று மோட்டாருக்கு மூன்று கம்பி வேண்டும். மூன்று பேர் மாறி மாறித் தள்ளுகிற ராட்டினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் வருகிற நேரத்துக்கு ஊரில் ‘த்ரீ பேஸ்’ என்று பெயர். அது முறை வைத்து, ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான். மற்ற நேரம் இரண்டு பேர் பலம்தான் வரும், ‘டூ பேஸ்’. வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். மோட்டார் அசையாது.

அசைய வைக்க ஊரில் ஒரு வழி இருக்கிறது. கண்டன்சர் என்று ஒரு டப்பா. அதை மாட்டினால் மூன்றாவது ஆள் வந்துவிட்டான் என்று மோட்டார் நம்பிவிடும். உறுமிக்கொண்டு ஓடும். தண்ணீரும் வரும். ஆனால் இருக்கிற இரண்டு கம்பியையும் சக்கையாகப் பிழிந்துவிடும். மோட்டாரின் கம்பிச் சுருள் சூடேறி வார்னிஷ் நாற்றம் அடிக்கும். தெருவில் பல்புகள் பீடி நுனி மாதிரி சிவந்துபோகும்.

அன்று மதியம் பெட்டி கத்தியது. ஸ்டெபிலைசர் நாலு முறை தட்டிவிட்டு ஓய்ந்தது. அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சிலிண்டரைத் திறந்துவிட்டு நான் வெளியே ஓடினேன். பின்பக்கத்தில் அந்த உறுமல் கேட்டது.

மோட்டார் கொட்டகையில் யாருமில்லை. நாற்றம் மட்டும் இருந்தது. போர்டில் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒன்றைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். உறுமல் முனகலாகி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் கொஞ்ச தூரம் போய்த் தானாக நின்றது.

ஏகாம்பரம் வரப்பில் ஓடி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கையில் மண்வெட்டி.

“யார கேட்டு புடுங்கின?”

“யாரையும் கேக்கல. எங்க அக்காவுக்கு மூச்சு நின்னுக்கினு கீது. நீங்க யார கேட்டு கண்டன்சர் போட்டீங்க?”

“இன்னா மூச்சு? கதிரு வெளிய வர நேரம்மா இது. இப்ப தண்ணி காட்டலன்னா பதருதான் மிஞ்சும். எழுதுற பொண்ணுக்கு இன்னா தெரியும் அது?”

“வந்து பாருங்க” என்றேன். ஃபியூஸ் கட்டை என் கையிலேயே இருந்தது. அது வேண்டுமென்றால் அவர் என் பின்னால் வந்தே ஆகவேண்டும்.

வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் வந்தது, ஓட்டு கேட்க வந்தவர்களோடு ஒரு முறை வந்த பிறகு, அதுதான். வாசலிலேயே நின்றார். உள்ளே பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. டப். புஸ்ஸ். அவர் அதைப் பார்த்தார். என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சமையக்காரம்மாவா இது. இம்மாம் எளச்சி பூட்ட” என்றார்.

அக்கா மூச்சு சேர்த்துக்கொண்டு பேசினாள். “உங்க வூட்டு சின்னவன் எப்பிடி கீறான்? ஒரு முட்ட வெச்சா இன்னொண்ணு கேப்பான்.”

“அவனா. பெங்களூர்ல கீறான். இப்ப முட்டைய மோந்துகூட பாக்கறதில்ல. கொழுப்பாம்.”

“நான் வெச்ச முட்டைல வந்ததா இருக்கும்” என்றாள் அக்கா.

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். சிரிப்பைத் துடைக்கிறாரா வேர்வையைத் துடைக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, “இனிமே த்ரீ பேஸ்ல மட்டும் போடறேன். கண்டன்சர கழட்டிடறேன். மத்த ரெண்டு மோட்டார்காரங்களாண்டயும் சொல்றேன். பயிரு காஞ்சா உன்னதான் வந்து கேப்பேன். இப்ப அத குடு” என்று கை நீட்டினார்.

கொடுத்தேன்.

நீலக் கம்பி

மோட்டார்கள் நின்றும் மாலை நேரங்களில் பெட்டி முனகியது. அப்போதுதான் சேகரைக் கூப்பிட்டேன். ஊரில் எல்லா வீட்டு வயரிங்கும் அவன் கைதான். மின்வாரிய ஆள் இல்லை, கம்பத்தில் அவன் ஏறக்கூடாது. எல்லோருக்காகவும் ஏறுகிறான்.

மேலே ஓடுகிற மூன்று கம்பியும் பார்வைக்கு ஒரே சாம்பல் நிறம். சேகர் மட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர் சொல்லுவான். “இந்த தெரு மொத்தமும் செவப்புல தொங்கிக்கினு கீதுக்கா. நீலத்துல ஆளே இல்ல. உங்கள அதுல போட்டுடறேன், ராணி மாதிரி இருக்கலாம்” என்றான். ஏறி, ஒரு வயரைப் பிரித்து வேறு கம்பியில் சுற்றினான். பத்து நிமிட வேலை.

அன்று மாலையிலிருந்து பெட்டி கத்தவில்லை. ஸ்டெபிலைசர்கூட வாயைத் திறக்கவில்லை. அக்கா ஆறு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினாள். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து எனக்கு மிளகு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். தாளிக்கிற சத்தத்தை வைத்தே கடுகு கருகிவிட்டது என்றாள்.

நானும் தூங்கினேன். மனிதருக்குத் தூக்கம் வந்தால் வாயும் வந்துவிடுகிறது.

குழாயடியில் பக்கத்து வீட்டு வளர்மதி கேட்டாள். ரவிக்கை தைக்கிறவள், தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டிருப்பவள். “இன்னாக்கா, மூஞ்சி தெளிஞ்சி கீது?”

“சேகர் நீலக் கம்பிக்கு மாத்திட்டான் வளரு. தங்கம் மாதிரி வருது கரண்ட்டு. தெருவே மங்கிக் கெடக்குது, எங்க வூட்டு பல்பு மட்டும் பளபளன்னு எரியுது.”

இதைச் சொன்னபோது எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. எத்தனையோ நாள் கழித்து எங்கள் வீட்டில் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் பேசிக்கொண்டிருந்தேன். வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

குளிர்ந்த இரும்பு

பத்து, பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் ஏகாம்பரம் வாசலில் வந்து நின்றார். அவருடைய கடைசிக் கழனி வெடிக்க ஆரம்பித்திருந்தது. த்ரீ பேஸ் நேரத்துத் தண்ணீர் அங்கே எட்டவில்லை.

“இன்னிக்கு ஒரு நாள். ஒரு நாலு மணி நேரம் கண்டன்சர் போட்டுக்கட்டா? பால் புடிக்கிற நேரம். வுட்டா போச்சி.”

நான் அக்காவைக் கேட்கவில்லை. அவள் காலையிலிருந்தே கொஞ்சம் திணறிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மின்தடையில் இன்வெர்ட்டர் தீர்ந்து, சிலிண்டரிலும் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. புது சிலிண்டர் மறுநாள்தான் காஞ்சிபுரத்திலிருந்து வரும்.

“முடியாது” என்றேன். “நீங்க குடுத்த வாக்கு அது.”

அவர் வரப்புப் பக்கம் திரும்பி நடந்தார்.

பத்தரை மணிக்குப் பெட்டி கத்தியது.

சிலிண்டரைத் திறந்து குழாயை அக்கா மூக்கில் மாட்டிவிட்டு, செருப்புகூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினேன். ஓடும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். அவருடைய அப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் அம்மாவின் முதுகிலிருந்து ஆரம்பித்தேன். முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த வரப்பு முழுக்கக் கொட்டியது.

அவர் மோட்டாரின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்டன்சர் டப்பா. அதன் வயர்கள் எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தன. ஒரு கையை மோட்டார் மேல் வைத்திருந்தார், படுத்திருக்கும் மாட்டின் மேல் வைப்பதுபோல.

நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“தொட்டு பாரு” என்றார்.

தொட்டேன். கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

“போடலாம்னுதான் வந்தேன். இல்லன்னு சொல்லல. ஒரு மணி நேரமா ஒக்காந்துக்கினு கீறேன், அவ்ளோதான்.”

கையை எடுத்துக்கொண்டேன். கேட்டது இவ்வளவுதான்: “அப்ப யாரு?”

அவர் எங்கள் தெருப் பக்கம் கையைக் காட்டினார். “உன் கம்பத்தாண்ட போய் அண்ணாந்து பாரு.”

கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அந்தக் கம்பியைத் தெரியும். சேகர் ஏறிய அன்று அதில் எங்கள் வயர் ஒன்றுதான் சுற்றியிருந்தது. இப்போது ஒரு கொத்தே தொங்கியது. வரிசையாக, வீட்டுக்கு வீடு.

அந்த வழியாகப் போன சேகர் பைக்கை ஓரம் கட்டிவிட்டு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனே சொல்லிவிட்டான்.

“ஏழு வூடுக்கா. ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஒரு ஃபேனுதான்னாங்க. ஒரு ஃபிரிட்ஜுதான்னாங்க. வளரக்கா ஆடி மாசத்துக்கு நாப்பது ரவிக்க தைக்கணும்னு அழுதிச்சி. எல்லாருமே, ‘என் வூடு ஒண்ணுதான், ஒண்ணுல இன்னா ஆயிடப்போவுது’ன்னாங்க.”

“ஒருத்தருகூடவா எங்க அக்காவ நினைக்கல?”

“நெனச்சாங்கக்கா. ‘அந்தக்காவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல’ன்னு ஏழு பேருமே கேட்டாங்க.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீதானே குழாயடில சொன்னியாம், நீலம் தங்கம்னு.”

அவனை அடிக்கக் கை வரவில்லை. யாரை அடிக்கவும் வரவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவர் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ‘டொப்’ என்று ஒரு சத்தம். கருகல் நாற்றம். நீலக் கம்பியின் ஃபியூஸ் எரிந்து, கூடவே மற்ற இரண்டு கம்பியின் ஃபியூஸும் போய்விட்டது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசிறிகளும் டிவிகளும் ஒரே சமயத்தில் நின்றன. அப்படி ஒரு அமைதியை அந்தத் தெருவில் நான் கேட்டதில்லை. ஏழு எண்ணினேன். எதுவும் இல்லை.

சேகர் மின்வாரிய ஆபீசுக்கு போன் செய்தான். லைனை நிறுத்தாமல் ஃபியூஸ் கட்ட முடியாது, ஆள் வரவேண்டும், வேறு ஊரில் வேலையாக இருக்கிறார்கள், வருகிறார்கள். சிலிண்டரின் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் ஆம்புலன்சுக்கு அடித்தேன்.

வளர்மதி வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அட்டையை எடுத்து அக்காவுக்கு விசிற ஆரம்பித்தாள். “எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டேன்க்கா. எல்லார் வூட்லயும் ஆஃப் பண்ண சொல்லிட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கம்பியில் ஒன்றுமே இல்லாதபோது எதை நிறுத்தி என்ன. அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. உள்ளே திரும்ப இடமில்லை. தூக்குப் படுக்கையை இரண்டு பேர் பிடித்தார்கள். சிலிண்டரைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சின்னதுதான், ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியாத கனம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏகாம்பரம் உள்ளே வந்தார். சேற்றுக் காலோடு எங்கள் வீட்டுக்குள் வந்து, சிலிண்டரைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, அக்காவின் தலைப்பக்கம் கூடவே நடந்தார். குழாய் இழுபடாமல் தூக்குப் படுக்கையின் வேகத்துக்குத் தன் வேகத்தை வைத்துக்கொண்டார். அந்தத் தெரு முழுக்க அவர் சுமந்தது அவளுடைய மூச்சை.

செங்கல்பட்டு போகிற வழியெல்லாம் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸில் மாட்டிவிட்ட ஆக்சிஜன் முகமூடிக்குள் அவள் கண்ணை மூடியே இருந்தாள், எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலும் பேசவில்லை. அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்தது. அதனால் என்னிடம் மிச்சமிருப்பது வண்டிக் கதவு மூடுவதற்கு முன்னால் நடந்த பேச்சுதான். அதுவும் என்னோடு பேசியதில்லை.

ஏகாம்பரம் சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். அக்கா முகமூடியை ஒரு விரலால் தூக்கினாள்.

“கடைசி கழனிக்கு தண்ணி ஏறிச்சா?”

காலையில் வாசலில் நின்று அவர் கேட்டதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

“அத வுடும்மா இப்ப. நீ நல்லபடியா போயிட்டு வா. வந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

“நான் வர வரைக்கும் கதிரு காத்துக்கினு இருக்குமா? எம்மெஷினுதான் நின்னுபூட்ச்சே. கரண்ட்டு வந்ததும் போய் மோட்டார போடு.”